வேய்ன் அணைக்காமல் போன பெட்டி

புக்கிட் பாத்தோக்
14 மார்ச் 2024

அன்புள்ள யாக்கூப்,

நலமா? உன் வீட்டுக்காரி மர்யம் நலமா? நோன்பு தொடங்கிவிட்டதே, வேலையோடு உடம்பு தாங்குகிறதா? நான் இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தப்பித்துவிடுகிறாய். தொடக்கப்பள்ளியில் உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் கடிதமாகவே எழுதுகிறேன். பதிலும் கடிதமாக வர வேண்டும். கட்டைவிரல் செல்லாது.

என் மகன் வேய்ன் போனதிலிருந்து, இந்த இரண்டு வருடமாக, நீ இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. நீயும் வேய்னும் சேர்ந்து கிட்டார் வாசித்த காலத்தில் யாரையும் கேட்காமல் என் அடுப்படிவரை வந்து சட்டியைத் திறந்து பார்த்தவன் நீ. சரி, அந்தக் கோபம் இருக்கட்டும். இப்போது ஓர் அவசரம்.

லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் புளோக்கில் வீட்டுக்கு வீடு சுவிட்ச் பெட்டியை மாற்றுகிறார்களாம். 28ஆம் தேதி பகல் முழுவதும் கரண்ட் இருக்காது.

வேய்னின் அறையில் அந்த நீல கிட்டார் பெடல், காலால் மிதிக்கிற அந்தச் சின்னப் பெட்டி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ அவனுக்குக் கொடுத்ததுதான். ஒரு தரம் மீட்டினால் பல தரம் திருப்பிச் சொல்லுமே, அது. அவன் போன அன்று சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து, “மா, ஆஃப் பண்ணாதீங்க. டின்னர் வாங்கிட்டு வந்துடுறேன் லா” என்று சொல்லிவிட்டுக் கீழே காபிக்கடைக்குப் போனான். பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஃப் பண்ணாதே என்றான், நான் பண்ணவில்லை. அவன் கடைசியாக மீட்டியது இன்றுவரை அந்த அறையில் கேட்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ மெத்தையைத் தட்டுவதுபோல, தும், தும், தும் என்று.

கரண்ட் போனால் அதுவும் போய்விடுமா? நிற்காமல் காப்பாற்ற வழி இருக்கிறதா? எனக்குத் தூக்கம் வரவில்லை, யாக்கூப். உடனே எழுது.

அன்புடன்,
பிரிஜட் டீச்சர்


தெம்பனிஸ்
18 மார்ச் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

நானும் மர்யமும் நலம். என் கையெழுத்தை மன்னிக்கவும். விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிறேன், அங்கே பேனாவுக்கு வேலை கிடையாது.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த பெடல் இத்தனை நாளாக ஓடுகிறது என்பதை முதலில் என்னால் நம்பவே முடியவில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் எப்போதோ நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கும் சிறு மின்சில்லு ஒன்றுதான் அதற்கு உயிர். சத்தத்தை வாங்கி, கொஞ்சம் தாமதித்து, மறுபடி கொடுப்பது அதுதான். இப்போது அதுவும் வருவதில்லை. அந்த மாடலே கொஞ்சம் வம்பு பிடித்தது. சூடாகும், சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். என்னிடம் அதே மாதிரி இன்னும் இரண்டு இருந்தன, இரண்டும் செத்துவிட்டன. மேடையில் பாதிப் பாட்டில் ஒன்று காலை வாரியபோது வேய்ன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வழி இருக்கிறது. அடியில் நான்கு திருகாணி. கழற்றி உள்ளே பேட்டரி பொருத்திவிட்டால், ஒயரைப் பிடுங்கியதும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கர் அணைந்தாலும் பரவாயில்லை, வெளியே கேட்காவிட்டாலும் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் தொட வேண்டாம், 28ஆம் தேதி காலையில் நானே வந்து செய்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், டீச்சர். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாக வருகிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் உடைந்துவிடுவேன்.

உங்கள் மாணவன்,
யாக்கூப்


புக்கிட் பாத்தோக்
21 மார்ச் 2024

அன்புள்ள யாக்கூப்,

உடைந்தால் என்ன? பெருக்கி அள்ள எனக்குத் தெரியாதா? ஆனாலும் உன் இஷ்டம்.

28ஆம் தேதி பெரிய வியாழன். பூசைக்குப் பீடம் ஜோடிக்கக் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவேன். சாவி எதிர்வீட்டு சம்சுன்னிசாவிடம் இருக்கும். நீயும் நோன்பு, அவளும் நோன்பு, ஒருவருக்கொருவர் காபி கொடுக்காமல் தப்பிக்கலாம்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர்வரை கோயிலில் மணி அடிக்காது, வாத்தியம் வாசிக்க மாட்டார்கள். பாடற்குழுவில் வேய்ன் கிட்டாரைத் துணி போட்டு மூடி வைப்பான். அதனால் அந்த நாட்களில் அவன் ஸ்பீக்கரின் சத்தத்தை நானும் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். ஈஸ்டர் காலையில்தான் திரும்பக் கூட்டுவேன். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான் செய்தேன். கூட்டியதும் அவன் அங்கேயே இருப்பான்.

பெட்டியை மெதுவாகக் கையாளு. என்னிடம் மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

அன்புடன்,
பிரிஜட் டீச்சர்


தெம்பனிஸ்
29 மார்ச் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். பெட்டி நின்றுவிட்டது.

கரண்ட் போகுமுன்பே வந்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருகாணிகளைக் கழற்றினால், உள்ளே எப்போதோ போட்ட பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அதை எடுக்கப் போனேன். பேட்டரியைப் பிடித்திருந்த கவ்வி இற்றுப்போயிருந்தது, என் விரலிலேயே பொடிந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. விளக்கு அணைந்துவிட்டது. அவ்வளவுதான், டீச்சர். உதவி செய்ய வந்து நானே கொன்றுவிட்டேன்.

சில்லு வெந்துவிட்டது. அதைக் கழற்றி எடுத்துவந்திருக்கிறேன், இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன், வருவதெல்லாம் போலி. வீங்கியிருந்த அடாப்டரையும் ஒயரோடு கொண்டுவந்துவிட்டேன். இரண்டும் இதோ என் மேசையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருப்பது வெறும் கூடு. ஈஸ்டர் அன்று சத்தத்தைக் கூட்டினால் ஒன்றும் வராது. நீங்கள் அப்படி ஏமாந்து நிற்கக் கூடாது. போன் பண்ண எடுத்தேன், முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது எதிரொலிக்கு எதிரொலி எடுக்கிற பெட்டி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேயும். வேய்ன் மீட்டியது அன்று சாயங்காலமே தேய்ந்து முடிந்திருக்கும். அதற்குப் பிறகு சுற்றியது பெட்டியின் சொந்த இரைச்சல்தான். முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மனது வரவில்லை.

இன்று விடுமுறை, நாளைதான் தபாலில் சேர்ப்பேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

யாக்கூப்


புக்கிட் பாத்தோக்
31 மார்ச் 2024, ஈஸ்டர்

என் அன்பு யாக்கூப்,

நீ நன்றாக இருப்பாய்! பூசை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குப் போய் ஸ்பீக்கரைத் திருகினேன். தும், தும், தும். அப்படியே இருக்கிறான். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்ததுபோலக்கூட இருக்கிறது. என்ன மாயம் செய்தாய்?

சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை, பல்பு போயிருக்கும். பெட்டி தரையில் இருப்பதால் குனிந்து பார்க்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. விளக்கு யாருக்கு வேண்டும்? சத்தம் இருக்கிறதே.

உன்னைத் திட்ட வைத்திருந்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். மர்யமுக்கு என் முத்தம்.

சந்தோஷத்துடன்,
பிரிஜட் டீச்சர்


புக்கிட் பாத்தோக்
2 ஏப்ரல் 2024

யாக்கூப்,

உன் கடிதம் இன்று வந்தது. என்னுடையதும் உனக்கு வந்திருக்கும்.

சம்சுன்னிசாவை அழைத்துப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைக்கச் சொன்னேன். ஒயர் இல்லை. அசைத்துப் பார்த்தோம், சும்மா கிடந்தது. அவளிடம், “உனக்கு ஏதாவது கேட்குதா?” என்றேன். “என்ன பிரிஜட்க்கா, கேர்த்தி இறங்கிப் போற சத்தமா?” என்றாள். கேர்த்தி என்றால் ரயில், எம்ஆர்டி ரயில் போகும் சத்தத்தைச் சொல்கிறாள். ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. இற்றுப்போனது எவர் கைபட்டாலும் பொடியத்தான் செய்யும். எனக்கு இப்போது கோபமே வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. வேய்ன் மீட்டியது அன்றே முடிந்துவிட்டது என்கிறாய். பெட்டியும் செத்துவிட்டது என்கிறாய். அப்படியானால் ஞாயிறு காலையிலிருந்து நான் கேட்பது என்ன? மூளை கலங்கிவிட்டதா? கலங்கியிருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். அவன்தான் என்றாலும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் ஆகாது.

டாக்டரிடம் சொன்னால் மாத்திரை கொடுப்பார், சாமியாரிடம் சொன்னால் ஜெபம் சொல்வார். அவன் வாசிப்பை அறிந்த காது உன்னுடையதுதான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குக் கேட்கிறதா இல்லையா என்று சொல். நீ என்ன சொல்கிறாயோ அதை நம்புவேன். இது கடிதத்தில் ஆகிற காரியம் இல்லை.

பிரிஜட்


தெம்பனிஸ்
3 ஏப்ரல் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

சனிக்கிழமை நோன்பு திறக்க உங்கள் வீட்டுக்கு வருகிறோம். கஞ்சியும் பேரீச்சம்பழமும் மர்யம் கொண்டுவருவாள். நீங்கள் எதுவும் சமைக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நான் சொன்னேன்.

இத்தனை நாள் வராமலிருந்தது தப்பு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

யாக்கூப்


புக்கிட் பாத்தோக்
8 ஏப்ரல் 2024

என் அன்பு யாக்கூப்,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மர்யம் கொண்டுவந்த கஞ்சி மறுநாளும் ருசியாக இருந்தது. என் மீன்கறியை நீ சட்டியோடு வழித்ததைப் பார்த்து எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

சாப்பிட்டு முடித்து நாம் வேய்னின் அறையில் போய் உட்கார்ந்தோம். உனக்குக் கேட்கிறதா என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக் காது கொடுத்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “இல்ல டீச்சர், ஒண்ணும் கேக்கல” என்றாய். அவ்வளவு உறுதியாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

அப்போது உன் வலதுகால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, யாக்கூப். உனக்கே தெரிந்திருக்காது. என் காதில் விழுந்துகொண்டிருந்த அதே தாளம், ஒன்றுகூடப் பிசகவில்லை. மர்யமும் குனிந்து உன் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் அவனை விட்டுவிட வேண்டும் என்று எனக்காகத்தான் பொய் சொன்னாய், அது தெரிகிறது. எனக்குப் பைத்தியம் இல்லை என்று எனக்கு அன்றே நிம்மதியாகிவிட்டது. அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களை லிஃப்ட்வரை வந்து அனுப்பிவிட்டுத் திரும்பினேன். வீட்டில் சத்தம் இல்லை. அறையில் நின்று பார்த்தேன், கூடத்திலும் நின்று பார்த்தேன். நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. மின்விசிறி சுற்றுவதுதான் கேட்கிறது.

அவன் உங்களோடு இறங்கி வந்துவிட்டானோ என்று நினைக்கிறேன். வந்திருந்தால் பயப்படாதே, அவன் யாரையும் தொந்தரவு செய்யமாட்டான். அங்கே இருப்பதில் எனக்குச் சம்மதம்தான். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அப்புறம் நான் இங்கே தேடிக்கொண்டிருக்கமாட்டேன்.

பெருநாள் வாழ்த்துடன்,
பிரிஜட் அம்மா