குடித்தன என்பது வரை

வியாழன் இரவு, ஆனையூர்

திருவாதவூரில் செத்த நான்கு ஆடுகளும் பாண்டியின் வயல் தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கின்றன. மாலையில் கால்நடை மருத்துவர் சொன்னது இது. அதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. ஆனால் பாண்டிக்கும் ஆட்டுக்காரருக்கும் போன வாரம் சண்டை. ஊர் முடிவு கட்டிவிட்டது.

பாண்டி பஸ் ஏறும்வரை கூடவே வந்தார். "அண்ணே, பேப்பர்ல விஷம்னு போட்டுறாதீக. மகளுக்குப் பரிசம் போட வாராக. கேட்டா திரும்பிப் போயிருவாக."

சிம்மக்கல்லில் டீக்கடை முன்னால் இறங்கியதும் செல்வம் ஞாபகம் வந்தது. எங்கள் பத்திரிகையில் செய்தி திருத்தியவன், இப்போது உயிரோடு இல்லை. பரிசோதனை முடிவு வராமல் விஷம் என்று எழுத விடமாட்டான். இதே டீக்கடையில்தான் சொன்னான்:

"பாய்சனுக்கு லத்தீன்ல வேர் என்ன தெரியுமா மாப்ள? குடிக்கிறது. அம்புட்டுதான். பிரெஞ்சுல கஷாயமாச்சு, பெறகு ஆளக் கொல்ற கஷாயமாச்சு. இங்கிலீஷ்ல கெட்ட பேரு மட்டும் நிலைச்சிருச்சு."

"டீ ஆறுதுடா."

"அந்தக் கணக்குல இதுவும் பாய்சன்தான், குடி" என்று சிரித்தான்.

ஆபீஸில் 'விஷம் வைத்து ஆடுகள் கொலை' என்று தலைப்புப் போட்டு வைத்திருந்தார்கள். அடித்துவிட்டு, 'தண்ணீர் குடித்த ஆடுகள் சாவு' என்று எழுதினேன்.

"சப்புன்னு இருக்கு சார்" என்றாள் தலைப்புப் போட்ட பெண்.

இருக்கட்டும் என்றேன். செல்வம் இருந்திருந்தால் டீ வாங்கித் தந்திருப்பான்.

பரிசம் ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமைதான் வருமாம்.