போன வருடம் நான் எழுதிய மரண அறிவித்தல்

அன்புள்ள மச்சாள்,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதேங்கோ. சின்னவளுக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் என் தோளில் கண்ணயர்ந்தாள். ஒரு கையால் எழுதுகிறேன்.

நீங்கள் போனபின் உங்கள் இலக்கிய வகுப்பை எனக்குத் தந்தார்கள். அதே அறை. பாதிப் பிள்ளைகள் உங்களிடம் படித்தவர்கள். உங்கள் முறையில்தான் படிப்பிக்கிறேன்: ஒரே எழுத்தைப் பெண்ணியப் பார்வையில் வாசி, பிறகு வர்க்கப் பார்வையில் வாசி, இதில் யாரைப் பேச விடவில்லை என்று கேள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பிழை விட்டேன். நம்மவர் எழுத்து ஒன்றையும் வாசிக்கட்டுமே என்று, தமிழில் வந்த ஒரு மரண அறிவித்தலை நோர்வேஜிய மொழிக்குப் பெயர்த்துக் கொடுத்தேன். பெயர்களை மாற்றியிருந்தேன். அது உங்களுடையது.

இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் சகோதரியும் என்று போகிறதல்லவா, அந்த உறவுகளுக்கெல்லாம் கோடு போட்டார்கள். இங்ரிட் என்ற பிள்ளை கேட்டாள்: "இவர் என்ன வேலை செய்தவர்?" நீங்கள் பதினொரு வருடம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "அதில் போடவில்லை" என்றேன் நான்.

எழுதியது யாராயிருக்கும் என்று அடுத்த கேள்வி. குடும்பத்து ஆண்கள்தான் என்று வகுப்பே முடிவுகட்டியது. நல்ல வாசிப்பு என்றேன் நானும்.

எழுதியது நான், மச்சாள். நீங்கள் போன அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வேறு யாருடையதோ ஒன்றைப் பார்த்து, பெயர்களை மட்டும் மாற்றி எழுதினேன். ஆசிரியை என்ற ஒரு சொல் ஏன் எனக்கு வரவில்லை?

இப்போது ஆண்டுத்திவசம் வருகிறது, அதற்கும் ஒரு அறிவித்தல் போடவேண்டும். ஆசிரியை என்று போட உங்கள் தம்பி சம்மதித்துவிட்டார். 'மனைவி'யை எடுப்போம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது கிடக்கட்டும். வெறும் வாயை மெல்லுறவைக்கு நீர் ஏன் அவல் குடுக்கிறீர்?"

"நாலு வருஷம் தனியத்தானே இருந்தவ?"

"அம்மாவுக்குத் தெரியாதெல்லே."

உண்மைதான். யாழ்ப்பாணத்தில் மாமி இன்றைக்கும் மருமகனைச் சுகம் விசாரிக்கிறார். நீங்கள் பிரிந்திருந்ததை மறைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அது மாமிக்காகவா, ஊர்வாய்க்குப் பயந்தா? இருக்கும்போது நான் கேட்கவேயில்லை.

நாளை முதல் பாடம் அந்த வகுப்புத்தான். அது யாருடைய அறிவித்தல், எழுதியது யார் என்று இரண்டையும் சொல்லிவிடுவேன். சத்தியம். பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்க்கப்போகிறேனோ தெரியவில்லை.

மற்றதை என்னால் தனியே முடிவுசெய்ய இயலாது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். அந்தச் சொல்லை எடுக்கவா, விடவா? கெதியாய்ப் பதில் போடுங்கோ.

உங்கள் தம்பியின் மனைவி,
உங்கள் மச்சாள்
நிரோஷா