நாலு மூடி

மார்ச் 4, செவ்வாய்

மண் தோண்டுகிற சின்ன மெஷினில், பூமை, அதாவது அதன் பெரிய கையை, தூக்குகிற சிலிண்டருக்கு சீல் மாற்றியாயிற்று. ராடு ஓரமாக எண்ணெய் வழிகிறது என்று மாப்பிள்ளை பத்து நாளாக ஒரே பாட்டு. தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது இந்த மனுஷன் எனக்கே ஆபரேட்டராக வந்து வாய்ப்பார், இப்படி நச்சரிப்பார் என்று யார் கண்டது? மெஷினில் ஒரு கீறல் விழுந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி முகம் வாடிவிடும் அவருக்கு.

மதியத்துக்கு மேல் தூறல். திறந்து கிடக்கிற ஹோஸுக்குள் தண்ணீர் போய்விடக்கூடாதே என்று ஓட்டமும் நடையுமாக வேலை. ஐந்தரைக்கு முடிந்தது. பூமைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ராடில் சாக்பீஸால் கோடு போட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. "மச்சான் கை பட்டா மெஷின் வாயத் தொறக்காது" என்றார் மாப்பிள்ளை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 5, புதன்

இடுப்பு பிடித்துக்கொண்டது. சிலிண்டர் தூக்குகிற வயசா இது.

மார்ச் 19, புதன்

குழாய்க்காரர் காலில், மெஷினின் மண் அள்ளுகிற பக்கெட் இறங்கிவிட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பதினோரு மணி. பள்ளத்தில் குழாய் இறக்கியாயிற்று. மாப்பிள்ளை பக்கெட்டை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அளவு பார்க்க இறங்கினார். குழாய்க்காரர் பக்கெட்டுக்குக் கீழே குழாய்மேல் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கெட் மெதுவாக இறங்கியிருக்கிறது. சத்தமே இல்லை. குனிந்து வேலை பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? பாதத்தைத் தொட்ட பிறகுதான் கத்தினார். மாப்பிள்ளை ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்கிறார்களாம்.

மார்ச் 20, வியாழன்

மேனேஜர் சோதித்துப் பார்க்கச் சொன்னார். பூமைத் தூக்கிக் கோடு போட்டேன். அரை மணி நேரம். ஒரு நூல்கூட இறங்கவில்லை. மறுபடியும் செய்தேன். கல்லு மாதிரி நின்றது.

அப்படியானால் என்ன அர்த்தம் என்று மேனேஜர் கேட்டார். மற்ற லீவர்களைப் பூட்டுகிற பாதுகாப்பு லீவரைத் தூக்காமல் மாப்பிள்ளை இறங்கி, அவர் முழங்கால் பூம் லீவரில் இடித்திருந்தால் பூம் இறங்கும் என்றேன். நான் சொன்னது உண்மைதான். அப்படி நடக்கக்கூடியதுதான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "தூக்கினேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். அந்த 'நெனைக்கிறேன்' போதுமானதாக இருந்தது.

'சிலிண்டரிலும் லாக் வால்விலும் கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கெட்டைத் தரையில் வைக்காமல் இறங்கியது அவர் தப்புதானே? நூறு தடவை சொல்லியிருப்பேன்.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரி பழைய துணிகளைக் கிழித்து எனக்கு எண்ணெய் துடைக்கக் கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அதில் மஞ்சள் கட்டம் போட்ட சட்டையின் முதுகுத்துண்டு ஒன்று. மாப்பிள்ளையின் பழைய சட்டை. தங்கை போன மாதம் கொடுத்துவிட்டது. அதன் கைப்பகுதியை அன்றைக்கே நான் எடுத்துப் போய்விட்டேன்.

அதைப் பார்த்ததும் நாலாம் தேதி வேலை நினைவுக்கு வந்தது.

சிலிண்டரைக் கழற்றினால் நாலு வாய் திறந்து கிடக்கும். சிலிண்டரில் இரண்டு, ஹோஸில் இரண்டு. நாலுக்கும் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். ஊரிலிருக்கிற மெக்கானிக்குக்கெல்லாம் இதைச் சொல்லித் திட்டுகிறவன் நான். அன்றைக்குப் பையில் இரண்டு மூடிதான் இருந்தது. மற்ற இரண்டும் வண்டியில். மழையில் யார் போய் எடுப்பது என்று ஹோஸ் இரண்டிலும் மஞ்சள் துணியை அடைத்தேன்.

ஒன்றை உருவி எடுத்தது நினைவிருக்கிறது. இன்னொன்று?

மார்ச் 23, ஞாயிறு

எடுத்திருப்பேன். எடுக்காமல் எப்படி ஹோஸை மாட்ட முடியும்?

முடியும். உள்ளே தள்ளிப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தூறல் வேறு. கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

மனசு பாதி நேரம் வக்கீலாகப் பேசுகிறது, பாதி நேரம் போலீஸாக. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு, பூமைத் தரையில் இறக்கி, அழுத்தத்தை விட்டுவிட்டு, சிலிண்டர்மேல் இருக்கிற லாக் வால்வைத் திறந்தேன். பெரிய ஹோஸ் வழியாக வருகிற எண்ணெய் அதைத் தாண்டித்தான் சிலிண்டருக்குள் போகும். லீவரை விட்டால் அது மூடிக்கொண்டு எண்ணெயைத் திரும்பவிடாது. இந்த மெஷின் பழசு. லீவருக்கு அடியில் இருக்கிற வால்வு தேய்ந்துபோய் ரொம்ப நாளாயிற்று. பூமைத் தாங்கிக்கொண்டிருந்ததே இந்த லாக் வால்வுதான்.

வால்வை மூடுகிற முள்ளுக்கும் அது போய் உட்காருகிற இடத்துக்கும் நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணி. எண்ணெயில் ஊறிக் கருத்திருந்தது. பெட்ரோலில் அலசினேன். ஓரத்தில் மஞ்சள் கட்டம்.

எண்ணெயோடு உள்ளே போய், கிழிந்து, சிலிண்டருக்குள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வால்வில் வந்து மாட்டினால் பூம் இறங்கும். விலகினால் கல்லு மாதிரி நிற்கும். நான் கோடு போட்ட நேரமெல்லாம் விலகியிருந்திருக்கிறது. அவர் இறங்கிய நேரத்தில் மாட்டியிருக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

வால்வைச் சுத்தம் செய்து மூடிவிட்டேன். துணியைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

குழாய்க்காரரைப் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு. ஏதோ பெரிய மனுஷன் மாதிரி.

கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். அவர் மனைவி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டிரைவர் மேல எனக்குக் கோவம் இல்லீங்க. தொங்குற பக்கெட்டுக்குக் கீழ கால வச்சேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்" என்றார். மாப்பிள்ளை தன் முழங்காலைச் சந்தேகப்படுகிறார். இவர் தன் புத்தியைச் சொல்கிறார். ஆளாளுக்குப் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், அதற்குச் சொந்தக்காரன் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

சட்டைப்பையில் தீப்பெட்டி. குனியும்போதெல்லாம் உறுத்தியது.

ஏப்ரல் 2, புதன்

மேனேஜரிடம் மாப்பிள்ளைக்காகப் பேசினேன். நல்ல ஆள், ஒருமுறை மன்னித்துவிடுங்கள் என்று. கேட்டீர்களா, மன்னிப்பாம். நான் வாங்கித் தருகிறேனாம். பார்க்கலாம் என்றார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "நீ ஒருத்தன் இருக்கேங்கிற தைரியத்துலதாண்ணா நாங்க இருக்கோம்" என்றாள். நான் ஏதோ வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டேன். என்னை அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல். அதன்மேல் பூம் லீவர் மாதிரி நிற்கவைத்த டம்ளர். இடது கையால் இல்லாத லீவரைத் தூக்குகிறார், எழுகிறார், இடதுபக்கம் இறங்குகிறார். திரும்ப வந்து உட்கார்கிறார். திரும்ப எழுகிறார். என்னைப் பார்க்கவே இல்லை. நாலு தடவை செய்தார். டம்ளர் விழவில்லை. ஐந்தாவது தடவை முழங்காலை அவரே கொஞ்சம் விலக்கிவைத்து, வேண்டுமென்றே இடித்து, டம்ளரைத் தள்ளிவிட்டார்.

உருண்டு வந்த டம்ளரை நான்தான் எடுத்தேன்.

"இப்படித்தான் பட்டிருக்கணும் மச்சான்" என்றார். "வேற எப்படியும் வழியே இல்லியே."

தினமும் இதுதான் என்றாள் தங்கை. வேறு சைட்டில் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். இனிமேல் மெஷினில் ஏறுவதில்லை என்கிறாராம். பதினாறு வருஷம் ஓட்டின ஆள்.

சொல்ல வாயைத் திறந்தேன். தங்கை காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். த்தூ.

ஏப்ரல் 7, திங்கள்

சொன்னா வேலை போகும். தங்கச்சி மூஞ்சில முழிக்க முடியாது. இருபத்தாறு வருஷப் பேரு போகும். சொல்லாட்டி? அந்த மனுஷன் டம்ளரைத் தள்ளிக்கிட்டே இருப்பான். ஒரு ஆளோட புத்தியையே கழட்டிப் போட்டுட்டேனே — அதுக்கு எந்த வால்வைத் தொறக்குறது?

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் வேலைக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்கு. வெளியே வாங்க என்று கூப்பிட்டு, தெருமுனை வரைக்கும் நடந்து, தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்தார். துணியை விரலால் தேய்த்தார்.

"இது என் சட்டையாச்சே" என்றார்.

ஆமாம் என்றேன். மழை, மூடி, ஹோஸ், லாக் வால்வு எல்லாவற்றையும் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "என்னைக்குக் கண்டுபிடிச்சீங்க?"

இருபத்து நாலாம் தேதி என்றேன். விரல் விட்டு எண்ணினார். "பதினஞ்சு நாளு." அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "என் முட்டி படல இல்ல?" என்றார். படவில்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். நடுத்தெருவில் என் முன்னால் அழுதார். பிறகு தீப்பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனேன். எண்ணெய்த் தொட்டியின் வடிகட்டியைத் திறந்து காட்டினேன். மீதித் துணி அதில் நார்நாராக ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய அறிக்கையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன தடவையைவிடக் கையெழுத்து ஒழுங்காக வந்திருந்தது.

ஏப்ரல் 9, புதன்

ஒரு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகும் இன்னொரு மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை செல்லும். வெளியே அனுப்பாததே பெரிது.

குழாய்க்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் மனைவி இந்தத் தடவை நாற்காலி போடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தங்கையிடமிருந்து போன் இல்லை. வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்டூல் பழையபடி அடுப்படியில் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் இன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டேன்.

மே 12, திங்கள்

வேலைக்குத் திரும்பி மூன்றாவது நாள். சின்ன மெஷினில் பக்கெட் சிலிண்டர் ஹோஸ் இரண்டும் வெடித்திருந்தன; மாற்ற வேண்டும். ஓட்டுகிறவர் மாப்பிள்ளை. போன வாரமே திரும்ப வந்துவிட்டார் என்று தெரியும். நேரில் பார்த்தது இன்றைக்குத்தான்.

பக்கெட்டைத் தரையில் பதித்து வைத்தார். இன்ஜினை அணைத்தார். பாதுகாப்பு லீவரைத் தூக்கினார். முழங்காலைப் பற்றிய யோசனையே இல்லாமல் இறங்கினார். நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஹோஸைக் கழற்றியதும் கையை நீட்டி மூடி டப்பாவை வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், சிலிண்டரில் இரண்டு, மெஷின் பக்கக் குழாயில் இரண்டு என்று நான் ஒவ்வொரு வாயாக மூடினேன். நாலு. வேலை முடிந்து திரும்ப மாட்டும்போது, நான் கழற்றக் கழற்ற மூடிகளை அவரே வாங்கி டப்பாவில் போட்டார். கடைசி நட்டையும் முறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தேன். டப்பாவை என்னிடம் நீட்டினார்.

பழக்கதோஷத்தில் அப்படியே மூடப் போனேன். அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். திறந்து எண்ணினேன். மூன்றுதான் இருந்தது.

மறுபடியும் எண்ணினேன். கடைசி ஹோஸின் நட்டைத் தளர்த்த ஸ்பானரை எடுத்தேன். "மூணுதான் இருக்கு, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றேன்.

அவர் மடக்கியிருந்த வலது கையை விரித்தார். நாலாவது மூடி உள்ளங்கையில் இருந்தது. அதை டப்பாவில் போட்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்றேன் மெக்கானிக்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மச்சான் என்று கூப்பிடவில்லை. நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கெட் எட்டாத தூரத்துக்கு விலகி நின்றேன்.