பல் மழுக்காத சாவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், உன் மாமாவும் நலம். மூன்றாவது ஆளின் நலத்தை நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. சின்னவளுக்கு முன்பல் விழுந்திருப்பதைப் போட்டோவில் பார்த்தேன், சிரிக்கும்போது அப்படியே உன்னை உரித்துவைத்திருக்கிறாள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், பாதியில் வைத்தும்விடுகிறாய். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. ஆகவே கடைசிவரை படி.

அந்த ஆள் வீட்டில் இருக்கிறவரை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று போன தடவை சொன்னாய். அந்த ஆள் யார், உன் தாய்மாமன். உன் ஆபீசில் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, அவர்கள் போடுகிற டிக்கை வைத்தே இவன் நம்பலாம், இவன் ஆகாது என்று குணத்தைப் பிரித்துவிடுகிறீர்களாமே. அதை எனக்கும் அனுப்பினாய், நானும் விளையாட்டுக்குப் பதில் போட்டேன். உடனே, நீ விட்டுக்கொடுக்கிற ரகம்மா, மாமா சுரண்டுகிற ரகம், உன் ரகத்தை அந்த ரகம் தின்று ஏப்பம் விட்டுவிடும் என்றாய். துணிக்கடையில்தான் ரகம் கேட்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இருக்கட்டும். அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்தது, அதை மூடி மறைக்காமல் எழுதுகிறேன். எழுதினால் நீ சொன்னதற்கே வலுச் சேரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் மாமா திருடினான். இல்லையென்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. பூட்டிய வீடுகளுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழைந்தான், பிடிபட்டான், தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டு வெளியே வந்தான். வந்தவனை நான் சாவிக்கடையில் உட்காரவைத்ததும் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பூனையைப் பால்சட்டிக்குக் காவல் வைத்துவிட்டேனாம். அன்றிலிருந்து அவனுக்குப் பூனை என்றே பேர். அவனுக்கு வேறு வேலை தெரியாது, எனக்கும் வேறு கடை கிடையாது, நான் என்ன செய்வது. சிரித்தவர்கள் யாராவது வேலை போட்டுக் கொடுத்தார்களா.

நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். வெட்டும்போது சாவி கெட்டுப்போனால் அப்படியே தூக்கிப் போடக் கூடாது, அதன் பல்லை அரத்தால் ராவி மழுக்கின பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், யார் கையில் கிடைத்தாலும் எந்த வீட்டுப் பூட்டுக்கும் சேராதபடி. அந்தக் கரகர சத்தத்தில்தானே நீ வீட்டுப்பாடம் எழுதினாய். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, ஊரிலிருந்து வரும் தங்கைக்கு வேண்டுமென்று வாசல் சாவிக்கு இன்னொன்று வெட்டித்தரச் சொல்லி வந்தாள். நான் முன்னால் ஒரு பெட்டிப் பூட்டை நோண்டிக்கொண்டிருந்தேன், மாமா மெஷினில் இருந்தான். முதல் சாவி கெட்டுப்போச்சு என்று சொல்லி இரண்டாவது வெட்டிக் கொடுத்தான், அவளும் வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் அரத்தின் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவன் கை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்த நிமிஷமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயந்துகொண்டு கேட்காமல் இருந்தேன் என்று நினைக்காதே, நீ போட்டுவைத்திருக்கிற ரகத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அது இல்லை. மாட்டட்டும் என்று நினைத்தேன். போய்த் திறக்கட்டும், மாட்டட்டும், ஒரேயடியாக முடியட்டும். தெரு என்னைப் பார்த்து ஐயோ பாவம், நல்ல மனுஷி ஏமாந்துட்டாளே என்று உச்சுக்கொட்டும், நீயும் மனசு இறங்கிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவாய். ஆமாம், உன்னையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன். தனியாக ஒரு பொம்பளை குடியிருக்கிற வீட்டை வைத்து உன் அம்மா உள்ளுக்குள் சூதாடினாள். அதே கையால் அவனுக்குச் சோறும் போட்டாள், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றும் கேட்டாள். உன் கேள்வித்தாளில் இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது.

அடுத்த நாளும் அப்படியே போனது. அதற்கு மறுநாள் கடையைத் திறந்ததும் அவனே அந்தச் சாவியை என் முன்னால் வைத்தான். கெட்டுப்போகலக்கா, நல்லாத்தான் வந்துச்சு, எதுக்கு எடுத்தேன்னு எனக்கே புரியல, எடுத்ததுலேருந்து பையில கல்லு மாதிரி கனக்குது, ராவலாம்னா கை வரமாட்டேங்குது, நீயே ராவிடு என்றான். நான் வாங்கி, மேஜையில் இருக்கிற இறுக்குப்பிடியில் மாட்டி, ஒரு பல் விடாமல் ராவினேன். ராவி முடித்துவிட்டு, நீ எடுத்தப்பவே எனக்குத் தெரியும்டா என்றேன். வெளியே வந்ததிலிருந்து ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தாதவன், அன்றைக்குக் கத்தினான். தெரிஞ்சும் சும்மா இருந்தியா, நான் போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பே என்று கேட்டான். நான் ராவின சாவியை எடுத்து டப்பாவில் போட்டேன்.

அன்றைக்கே புதுப் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். இவன் எடுத்தான், எனக்குத் தெரியும், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இரண்டு பேர் பங்கையும் சொன்னேன். அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேனே, எதுக்குச் சொன்னே என்று அழுதாள், பிறகு திட்டினாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு, நின்று வாங்கிக்கொண்டேன். பூட்டை மாற்ற நான் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றாள், மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது, ஆனால் பரவினது அவன் பங்கு மட்டும்தான். என் பங்கை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் நல்லவள் என்று எப்போதோ முடிவாகிவிட்டதே, அதை மாற்ற யாருக்கும் மனசில்லை. வேடிக்கையைப் பார்த்தாயா, சாவியைத் திருப்பிக் கொடுத்தவன் கெட்டவனாம், வேடிக்கை பார்த்தவள் பாவப்பட்டவளாம்.

பிறகு மருந்துக்கடைக்காரர் வந்தார், கட்டடம் அவருடையது இல்லையா. அவரும் லேசுப்பட்டவரில்லை, கூட்டமாக இருந்தால் வருகிறவர்களிடம் எரிந்து விழுவார், கூட்டம் கலைந்ததும் அதே ஆட்களுக்குக் காசு வாங்காமல் மாத்திரையைக் கொடுத்தனுப்புவார். ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல கடை இருக்கணும், யோசிச்சுச் சொல்லும்மா என்றார். யோசிக்க ஒன்றுமில்லை, ரெண்டும் இருக்கும் என்றேன். இந்த இடத்தில் இல்லையென்றால் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொள்வேன், அதற்கு ஒரு மேஜை அகலம் போதும். முறைத்துவிட்டுப் போயிருக்கிறார், பார்க்கலாம்.

போய்ச்சேர்ந்த உன் அப்பாவை வைத்து ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாத மனுஷர், நீ தலையில் வைத்துக் கொண்டாடுவது நியாயம்தான். அந்த மனுஷர்தான், உள்ளே இருந்த என் தம்பியை ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்க விடவில்லை. நம்ம வீட்டுப் பேர் கெட்டுடும் என்பார், நானும் அடங்கிப் போனேன். அவர் நல்லவர், நானும் நல்லவள், நாங்கள் இரண்டு நல்லவர்களும் சேர்ந்து ஒருத்தனை எத்தனையோ வருஷம் அநாதையாக வைத்திருந்தோம். இனிமேல் யாருக்காகவும் அதைச் செய்யமாட்டேன். உனக்காகவும் செய்யமாட்டேன். சின்னவளைப் பார்க்காமல் ஏங்கிப்போகிறேன், அவள் குரல் போனில் கேட்டால் அன்றைக்கெல்லாம் சோறு இறங்குவதில்லை, அப்படியும் செய்யமாட்டேன். அவன் மறுபடி எடுக்கவே மாட்டான் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. எடுக்கலாம். என் மனசும் மறுபடி சூதாடலாம். அன்றைக்கன்றைக்கு எது ஜெயிக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஒரே கூரைக்குள் இருப்போம்.

நம் வீட்டு வாசலுக்கும் புதுப் பூட்டு போட்டாயிற்று. சாவி எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இந்த உறைக்குள் துணியில் சுற்றியிருப்பது உன்னுடையது. உன் மாமாதான் வெட்டினான். அவன் வெட்டும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை, காய் வாங்கப் போயிருந்தேன். சாவி ஏதும் கெட்டுப்போனதா, அரத்தின் சத்தம் வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள், சின்னவள் நீண்ட ஆயுசோடு வளரட்டும், அவளுக்கு முளைக்கிற பல் வரிசையாக முளைக்கட்டும். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே, சொன்னால் கேட்பதில்லை. இன்னொன்றையும் மறக்காதே. சாவியைத் திருப்பி அனுப்பாதே. வேண்டாமென்றால் உன் கையாலேயே பல்லை ராவிவிடு, எப்படி ராவுவது என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
எந்த ரகத்திலும் சேராத
உன் அம்மா