பீடத்தில் ஏறிய கழுதை

தோட்டவெளி,
12.06.2014

அன்புள்ள மருமகள் பெற்றிசியாவுக்கு,

ஆண்டவர் உனக்குச் சுகமும் சோதனைக்குத் துணிவும் தருவாராக. உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போறன். கதிரையில் நன்றாய்ச் சாய்ந்திருந்து வாசி. விழுந்தால் மாமன் பொறுப்பில்லை.

விசேட கல்விப் படிப்பை விட்டுவிட்டு வரச்சொல்லி அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா, மாதம் முடிய வந்துவிடப்போறன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்து நான் விட்ட பெருமூச்சில் பேசாலைக் கரையில் நின்ற வள்ளங்கள் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. பேசாத பிள்ளைகளோடு இருந்து அவள் என்ன உத்தியோகம் பார்க்கப்போறாள் என்று உன் அம்மா, என் அக்கா, என்னையும் கேட்டவ. பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி ரீச்சராகலாம், வலயக் கல்விக் கந்தோரில் அதிகாரியாகலாம், பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையமே நடத்தலாம், ஐக்கிய நாடுகள் சபை கதிரையைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்குது என்று நானும் சொல்லிப் பார்த்தன். வாயை மூடச் சொல்லிப்போட்டா.

போன கிழமை உன்னுடைய பார்சல் வந்தது. பக்கத்து வீட்டுப் பஸ்ரியனின் மகள் றெஜினா, ஏழு வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளை, வேண்டியதன் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கும்படி அவளை விடுமுறையில் நீ பழக்கினாயே, அதற்கான புதுப் படங்கள். யாருக்கென்று நீ ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அக்கா பிரித்தா. கழுதை, கோப்பை, அப்பம், மீன். குருத்தோலை ஞாயிற்றுக் கழுதை, இராப்போசனக் கோப்பை, ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த அப்பமும் மீனும்! மகளுக்குக் கொழும்பில் பக்தி முற்றிவிட்டதென்று நினைத்து, நாலையும் வீட்டுப் பீடத்தில் நிற்கும் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் நிரையாய் வைத்து மெழுகுதிரி கொளுத்திவிட்டா. செய்தி எட்டி, மன்னார்த்தீவுக் கழுதைகள் நானூறும் எங்கள் வாசலில் முழந்தாளிட்டன. உரோமாபுரியிலிருந்து தந்தி வந்தது.

செபம் நடக்கும்போது றெஜினா வாசற் படலைக்குள் வந்தாள். தாகமென்றால் கத்தி நிலத்தில் விழுவாள், ஏனென்று ஒருவருக்கும் விளங்காது. அன்றைக்குக் கத்தவில்லை. நேரே பீடத்துக்குப் போய், கோப்பைப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் கையில் வைத்தாள். பீடத்தில் கைவைக்கிறாளே என்று சீறப்போன அக்கா படத்தைப் பார்த்தா, பிள்ளையின் காய்ந்த உதட்டைப் பார்த்தா, போய்த் தண்ணீர் கொண்டுவந்தா. குடித்து முடித்ததும் பிள்ளை படத்தை மறுபடி அக்காவின் கையில் வைத்தாள். இன்னும் வேணுமாம்.

தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனவ கனநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தன். வெங்காயம் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா.

"இதையோடா அவள் படிக்கிறாள்?"

ஓம் என்றன்.

"அப்ப படிப்பை முடிச்சுப்போட்டு வரச்சொல்லு."

இப்போது உன் உத்தியோகங்களை அவவே ஊரெல்லாம் சொல்லித் திரியிறா, ஐக்கிய நாடுகள் சபையையும் சேர்த்து. மற்றப் படங்களைப் பஸ்ரியன் வீட்டில் கொடுத்துவிட்டம். கழுதையை மட்டும் தரமாட்டாவாம். உன்னுடைய கடைசிச் சோதனை முடியுமட்டும் அது பீடத்திலேயே நிற்கட்டுமாம், மெழுகுதிரியும் எரியட்டுமாம். றெஜினாவுக்கு வேறொரு கழுதை அனுப்பிவை.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. முடித்துக்கொண்டு வா, பிள்ளை.

இப்படிக்கு,
பொய்யில் மட்டும் குறை வைக்காத மாமன்,
கிறகரி

பி.கு.: வள்ளங்கள், முழந்தாளிட்ட கழுதைகள், தந்தி எல்லாம் என் கைவேலை. றெஜினா படலைக்குள் வந்ததிலிருந்து எழுதிய சின்னத் துண்டு முழுவதும் மெய். கண்ணைத் துடைத்ததை அக்கா இல்லையென்று சாதிப்பா. அதை நம்பாதே.