மஸ்கட்டுக்குப் போகும் சந்தகை அச்சு

சூலூர்
11.4.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மோகனப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். வீட்டில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவார்கள். அதனால் கிளை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றோடு பரீட்சை முடிந்தது. அறிவியல் மட்டும் சுமார். எனக்கும் அம்மாவுக்கும் ஒரு மாத விசா தபாலில் வந்து சேர்ந்தது. மே மூன்றாம் தேதி இங்கிருந்து ரயில், நான்காம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம்.

மஸ்கட்டைப் பற்றி நானே படித்து அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். மே மாதம் பகலில் நாற்பது டிகிரி, சில நாள் அதற்கும் மேல். இரவிலும் முப்பதுக்குக் கீழே இறங்குவது அரிதாம். மழை கிடையாது. ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா, நம் பணத்தில் ஏறக்குறைய தொண்ணூறு ரூபாய். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அம்மா ரியாலைப் பார்க்கவில்லை. நாற்பது டிகிரியைத்தான் பார்த்தார்கள். “அந்த வெயில்ல அடுப்பு வேற எரிக்கோணுமா கண்ணு” என்று கேட்டுவிட்டு, வறுத்துக்கொண்டிருந்த மல்லியைக் கிளறப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்கு இந்த மாதம் சீருடைத் தையல் அதிகம். ஜூனில் பள்ளி திறக்கும்போது நாங்கள் அங்கிருந்து வந்த களைப்பில் இருப்போம் என்று, அறுபது பாவாடைகளையும் இப்போதே முடிக்கப் பார்க்கிறார்கள். காலையில் நான் எழும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பகலில் மிளகாய் காயவைப்பது, கொள்ளுப் புடைப்பது, நாற்பது பேருக்கு ஒரு மாதத்துக்கான மசால்பொடி.

அந்த நாற்பது பேர் எப்படி வந்தார்கள் என்று நான் சொல்லியாக வேண்டும். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தின் அடியில், உங்களோடு வேலை பார்க்கும் வேலன் சித்தப்பாவும் நசுருதீன் மாமாவும், “அக்கா கையால சந்தகை சாப்பிட்டாத்தான் ஊருக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்குமுங்க” என்று எழுதியிருந்தார்களே, அதற்கு அம்மா சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன். “அதுக்கென்னங்க, லீவு நாளான வெள்ளிக்கெழமையில வாங்க” என்பதுதான் அம்மா சொன்னது. வெறுமனே ‘வாங்க’ என்றால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று, கல்யாணப் பத்திரிகைகளில் வருவதுபோல் ‘சுற்றமும் நட்பும் சூழ, எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் வருகை தரவும்’ என்று நான் சேர்த்துவிட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை. நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. “கூப்புட்டது கூப்புட்டதுதான். இனி வராதீங்கன்னு சொல்ற வாயா நம்முளுது” என்றார்கள்.

அதனால் சந்தகை பிழியும் இரும்பு அச்சும் வருகிறது. புண்ணாக்குக் கடைத் தராசில் நிறுத்தோம், ஏழு கிலோ. பெட்டியில் இடம் போதவில்லை. அம்மா தன் சேலைகளில் மூன்றை எடுத்து வெளியே வைத்தார்கள். ஒன்று நீங்கள் போன தடவை வாங்கி வந்த நீலச்சேலை.

செவ்வாய்க்கிழமை மசால் அரைக்க மாவு மில்லுக்குப் போனோம். வரிசையில் நின்றிருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. மில்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். இரத்தத்தில் சத்து பாதிதான் இருக்கிறது, மாத்திரையோடு ஒரு மாதமாவது பாரம் தூக்காமல், அடுப்பருகில் நிற்காமல் இருக்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அம்மா தலையாட்டினார்கள். திரும்பும் வழியில், “அப்பாவுக்கு எழுதிப்போடாத அம்மணி. மூணு வருசமா ஊட்டுச் சோறில்லாம கெடக்கறவங்க, மனசு சங்கடப்படும்” என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மீதி மிளகாயை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பிடுங்கினேன். கொடுக்கவில்லை.

அம்மா வர ஆசைப்படுகிறார்கள் அப்பா, அதையும் எழுதவேண்டும். உங்கள் கடிதம் வந்த நாளில் மட்டும் தையலைச் சீக்கிரம் எடுத்துவைத்துவிடுவார்கள்.

நீங்கள் உடனே ஒரு கடிதம் போடுங்கள். நான் சொன்னதாக இருக்கவேண்டாம். அங்கே வாடகை வீட்டுக்காரர் கூட்டம் கூடாது என்று சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை விருந்து எதுவும் முடியாது, அச்சு வேண்டாம் என்று எழுதுங்கள். அம்மா நம்பிவிடுவார்கள். வேலன் சித்தப்பாவுக்கும் நசுருதீன் மாமாவுக்கும் நான் வந்து என் கையால் டீ வைத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், ரசம் வரும். அதைச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அம்மா ஒரு மாதம் எங்காவது உட்கார்ந்திருக்கட்டும். இங்கே இருந்தால் உட்காரமாட்டார்கள்.

கடிதம் மே இரண்டுக்குள் வந்தாகவேண்டும். அம்மாவின் நீலச்சேலையை நான் இன்னும் பீரோவில் வைக்கவில்லை.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
மோ. மோகனப்பிரியா
(நூலகத்தில் விளக்கை அணைக்கிறார்கள், இத்தோடு முடிக்கிறேன்.)