வராதவர் வீட்டு வாசல்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் ஏதோ இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாய் என்றதும் உன் அண்ணனுக்குக் கால் தரையில் இல்லை. எனக்குத்தான் பயம். தப்பாக நினைக்காதே. அவர் குடிக்காமல் எழுபத்தொரு நாள் ஆகிறது. அதற்கு முன்னால் நாற்பது நாள் தாக்குப்பிடித்து, பிறகு சறுக்கியவர்.

தனியாக இருக்க விடாதீர்கள், அவரைப் போன்றவர்கள் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் சேர்ந்து உடற்பயிற்சி செய்கிறார்கள், அங்கே அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நடத்துகிறவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். அவரும் ஒரு காலத்தில் குடித்துத் தீர்த்தவர்தான். அதை விட்டார், விசிலை விட்டபாடில்லை. உன் அண்ணனோடு சேர்த்து எட்டுப் பேர். "இந்த வயசுல என்னைப் போய்க் குதிக்கச் சொல்றான் அந்த ஆளு" என்று உன் அண்ணன் முதல் நாள் முழுக்கப் புலம்பினார். மறுநாளும் போனார். பசி எடுத்தது, தூக்கம் வந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் மறுபடி நிற்க விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்கு மற்ற ஏழு பேரில் யாராவது ஒருவர் இவருக்குப் போன் பண்ணிவிடுகிறார். அந்த ஒரு மணி நேரம்தானே கண்டம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் ஓடி அவர் வீட்டு வாசலுக்கே வந்து மீதிப் பயிற்சியைச் செய்வார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். உன் அண்ணன் சறுக்கிய மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. திருப்பி அனுப்பத்தான் வெளியே போனேன். "அவரு இடம் காலியா இருக்கு, நீங்க நில்லுங்கம்மா" என்றார் கண்டக்டர். ஏனோ நின்றேன். போட்டிருந்த நைட்டியோடு, அழுதுகொண்டே குதித்தேன். பாதியில் உன் அண்ணன் எழுந்து வந்து, "நீ உள்ள போ, நான் நிக்கிறேன்" என்று என் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

ஓய்ந்துவிட்டேன் தம்பி. பதினாறு வருஷம் அவர் கதவைத் திறக்கும் சத்தத்தை வைத்தே எந்த நிலையில் வருகிறார் என்று கண்டுபிடித்து வாழ்ந்தாயிற்று. இன்னொரு தடவை என்னால் ஆகாது. நீ வந்தால் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்காருவீர்கள். இந்த முறை பாட்டில் கொண்டுவராதே.

இன்னொன்று. போன வாரம் போனில் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னாய். அங்கே அப்போது காலை பத்து மணிதான். உன் அண்ணனிடம் நான் மூச்சு விடவில்லை. குடிக்கவில்லை என்று நீ சொல்வாய், அவரும் அப்படித்தான் சொன்னார். கண்டக்டரிடம் பேசிவிட்டேன். ஒன்பதாவது ஆளாக வரட்டும் என்றார்.

வேறு எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். உன் கால் அளவை மட்டும் எழுது, ஷூ வாங்கி வைக்கிறேன்.

உன்னை எதிர்பார்த்துக்கொண்டும் பயந்துகொண்டும் இருக்கும்
அண்ணி